அடித்தல் திருத்தலுக்கு எத்தனை மதிப்பெண்?

பணி ஓய்வுக்குப் பிறகு நான் இங்கே எழுதுவதெல்லாம் பெரும்பாலும் பழைய பள்ளிக்கூடக் கதைகளும் வரலாற்றுத் துணுக்குகளும்தான். இன்றைக்கு எழுதப் போவது எனக்கே புதிய பாடம். பதிவு நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற ஆண்டு மகளைப் பார்க்க நியூஜெர்சி போயிருந்தேன். பேத்திக்கு ஒன்பது வயது. வாரம் மூன்று நாள் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு. நான் போயிருந்த சமயத்தில் அவளுக்கு ஒரு போட்டி வந்தது. "அம்மாச்சி, நீயும் வரணும்" என்று பிடிவாதம். போனேன்.

கல்யாண மண்டபம் போல நாலு மடங்கு பெரிய கூடம். ஒரே நேரத்தில் நாலு மூலையில் நாலு வகைப் போட்டி: வால்ட், பார்ஸ், பீம், ஃப்ளோர். பேத்தியின் குழுவுக்கு முதலில் பார்ஸ். உயரம் வேறுபட்ட இரண்டு கம்பிகள். தாழ்ந்த கம்பியில் தொடங்கி, உயர்ந்த கம்பிக்குத் தாவி, அங்கே சில அசைவுகள் செய்து, கீழே குதித்து நிற்க வேண்டும். அந்த நிலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே வரிசை. நம் ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வினாத்தாள் கொடுப்பது போல. ஒரு மேசையில் இரண்டு நடுவர்கள்.

அந்த வரிசையில் பிள்ளைகள் எல்லோரும் பயப்படும் ஒன்று 'கிப்'. கம்பியில் தொங்கியபடி முன்னால் ஆடி, கால்களைக் கம்பிக்கு அருகே கொண்டுவந்து, ஒரே வேகத்தில் மேலே எழுந்து, கை நேராக, இடுப்பு கம்பியைத் தொட நிற்க வேண்டும். பார்க்கச் சுலபம். அந்த ஒன்றுக்காக எத்தனையோ மாதம் உள்ளங்கை கொப்புளித்திருக்கிறது என்று மகள் சொன்னாள்.

பேத்திக்கு முன்னால் போன சிறுமி உயர்ந்த கம்பியில் அந்தக் கிப்பைச் செய்யும்போது கை நழுவி மெத்தையில் விழுந்தாள். எனக்கு நெஞ்சு பக்கென்றது. அவள் எழுந்தாள், வெள்ளைப் பொடியைக் கையில் தடவிக்கொண்டாள், மூச்சை இழுத்து விட்டாள். பயிற்சியாளர் தூக்கிக் கம்பியில் விட்டார். மறுபடி செய்தாள். வந்துவிட்டது. மீதியையும் முடித்தாள்.

அடுத்து எங்கள் பிள்ளை. அவளுக்கும் அதே இடத்தில் சறுக்கல். ஆனால் விழவில்லை. பாதி ஏறி, ஏற முடியாமல் கீழே வந்து, தொங்கி, இன்னொரு தடவை ஆடி, கையை மடக்கிக் காலை உதைத்து எப்படியோ மேலே ஏறிவிட்டாள். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். மாப்பிள்ளை எழுந்து நின்றே தட்டினார்.

மதிப்பெண் வந்தது. விழுந்த சிறுமிக்கு 8.950. விழாத எங்கள் பிள்ளைக்கு 8.625.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் பின் இருக்கையில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அவ விழுந்தா அம்மாச்சி. நான் விழவே இல்ல. எனக்கு ஏன் கம்மி?"

முப்பத்து நான்கு வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான். மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்டு வந்த பெற்றோர்களுக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "டீச்சரிடம் கேட்போம் கண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து வகுப்புக்கு அழைத்துப் போனபோது, மகளை மொழிபெயர்க்கச் சொல்லி அவள் பயிற்சியாளரிடம் கேட்டேன். அந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னார். அங்கே சிறுவர் போட்டியில் 10 மதிப்பெண்ணில் தொடங்கிக் கழித்துக்கொண்டே வருவார்கள். விழுந்தால் 0.5. தேவையில்லாமல் ஒரு தடவை கூடுதலாக ஆடினால் 0.3. கை மடங்கினால், கால் பிரிந்தால், முட்டி வளைந்தால், உடல் போக வேண்டிய உயரத்துக்குப் போகாவிட்டால், ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒன்று, இரண்டு என்று தனித்தனியாகக் கழிவு.

"விழுந்த குழந்தைக்கு விழுந்ததற்கு 0.5 போனது. மற்ற எல்லாம் சேர்த்து 0.55தான். உங்கள் பேத்திக்குக் கூடுதல் ஆட்டத்துக்கு 0.3. மற்றவற்றுக்கு 1.075. அந்த ஒரு தவறுக்கு 0.3தான் போனது. அதற்குப் பிறகு அதையே நினைத்துக்கொண்டு செய்ததால்தான் மீதி போனது" என்றார்.

இந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. ஒரு தவறுக்கு எவ்வளவு விலை என்று யார், எப்போது முடிவு செய்தார்கள்? சமாளித்து எழுந்ததற்கு ஏதாவது மதிப்பு உண்டா? ஊர் திரும்பிய பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

இந்தக் கம்பி விளையாட்டின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. 1811இல் பெர்லினுக்கு வெளியே ஹாசன்ஹைடே என்ற இடத்தில் ஃபிரெட்ரிக் லுட்விக் யான் என்பவர் திறந்தவெளி உடற்பயிற்சித் திடல் ஒன்றைத் தொடங்கினார். அவரும் நம்மைப் போல ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான். இணைக் கம்பி, ஒற்றைக் கம்பி எல்லாம் அந்த மரபில் வளர்ந்தவை. 1881இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பின் முன்னோடி அமைப்பு உருவானது. பெண்களுக்கான பார்ஸ், இணைக் கம்பியில் ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்தி வைத்ததில் பிறந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் முதல்முறையாகப் பெண்களுக்குத் தனித்தனிக் கருவிகளில் பதக்கம் கொடுத்தபோது, பார்ஸில் தங்கம் வாங்கியவர் ஹங்கேரியின் மார்கிட் கொரோண்டி.

போட்டி முதலில் வந்தது. பொது விதிப்புத்தகம் பல பத்தாண்டு கழித்துத்தான் வந்தது. நடுவர்கள் எப்படி மதிப்பெண் போட வேண்டும் என்று சொல்லும் சர்வதேச விதிப்புத்தகம் முதலில் வெளியானது 1949இல், அதாவது 1948 லண்டன் ஒலிம்பிக் முடிந்த மறு வருடம். செய்தது எவ்வளவு கடினம், எப்படிக் கோத்திருக்கிறார், எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்று பிரித்துப் பார்க்கச் சொன்னது அது. விடைக்குறிப்பு இல்லாமல் பொதுத் தேர்வுத் தாளைத் திருத்தச் சொன்னால் என்ன ஆகும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். ஒருவர் 40 போடுவார், இன்னொருவர் 70 போடுவார். அவர்களுக்கும் அதே சிக்கல்தான். விதிப்புத்தகம் என்பது நடுவர்களுக்கான விடைக்குறிப்பு.

இனி 1972க்கு வருவோம். மியூனிக் ஒலிம்பிக். சோவியத் அணியில் ஓல்கா கோர்புட் என்ற பதினேழு வயதுப் பெண். பெலாரஸின் குரோட்னோவைச் சேர்ந்தவர். சின்ன உருவம், இரட்டைச் சடை. அணிப் போட்டியில் பார்ஸில் அவர் செய்ததைப் பார்த்து உலகமே வாய் பிளந்தது. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 30 அன்று, தனிநபர் ஒட்டுமொத்தப் போட்டி. எல்லோரும் அவர்தான் ஜெயிப்பார் என்று நினைத்தார்கள். அதே பார்ஸில் எல்லாம் கெட்டது. தொடக்கத்திலேயே கால் மெத்தையில் உரசியது. பிறகு பிடி நழுவியது. மறுபடி ஏறப் போனபோது அதுவும் சரியாக வரவில்லை. ஒரு தவறு அடுத்த தவறைக் கையைப் பிடித்து இழுத்து வந்தது.

மதிப்பெண் 7.5. பத்தில் இரண்டரை போய்விட்டது. இருக்கைக்குப் போய் உட்கார்ந்து அழுதார். கேமராக்கள் அதை உலகத்துக்கெல்லாம் காட்டின. அன்று அவருக்குக் கிடைத்தது ஏழாவது இடம். தங்கம் அவருடைய அணியைச் சேர்ந்த லுத்மிலா துரிஷ்சேவாவுக்குப் போனது.

மறுநாள் தனிக் கருவிகளுக்கான இறுதிப் போட்டி. அதே பெண், அதே பார்ஸ். முந்தின நாள் அழுதவர் போலவே இல்லை. நடுவர்கள் 9.8 கொடுத்தார்கள். அது போதாது என்று அரங்கமே கூச்சல் போட்டது. கிழக்கு ஜெர்மனியின் கரின் யான்ஸுக்குத் தங்கம், கோர்புட்டுக்கு வெள்ளி. அதே நாளில் பீமிலும் ஃப்ளோரிலும் அவருக்கே தங்கம்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் காலத்து விதிப்படி, தனிக் கருவி இறுதிப் போட்டிக்கு அணிப் போட்டியில் எடுத்த மதிப்பெண்ணின் சராசரியும் சேரும். ஆனால் நடுவில் நடந்த தனிநபர் போட்டியின் அந்த 7.5 அதில் சேராது. அதற்கான தண்டனை அன்றைய கணக்கோடு முடிந்துவிட்டது. விதி மறந்ததை அந்தப் பெண்ணும் மறக்க முடிந்ததுதான் பெரிய விஷயம். ஒரே இரவு இடைவெளி கிடைத்தது. எங்கள் பேத்திக்குக் கிடைத்தது ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவில் உள்ள ஒரு நொடி.

நாலு வருடம் கழித்து, 1976 ஜூலை 18, மான்ட்ரியல். ருமேனியாவின் நாடியா கொமனேச்சி. வயது பதினான்கு. பார்ஸில் பத்துக்குப் பத்து. மதிப்பெண் பலகையில் 10.00 என்று காட்ட இடம் இல்லாததால் 1.00 என்று காட்டியது நம்மில் பலருக்குத் தெரிந்த கதை. அந்த ஒலிம்பிக்கில் அவர் மொத்தம் ஏழு முறை பத்து வாங்கினார். அன்றிலிருந்து உலகத்தின் மனத்தில் பத்து என்பது 'தவறே இல்லை' என்பதற்கு மறுபெயர் ஆகிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் பத்து உச்சவரம்பாக இருக்கும் கணக்கில் கழித்தல் மட்டும்தான் நடக்கும். தவறு செய்தவர் பிறகு எவ்வளவு அருமையாகச் செய்தாலும், போனதைத் திரும்பச் சம்பாதிக்க வழி இல்லை. இருப்பதை இழக்காமல் காப்பாற்றலாம், அவ்வளவுதான்.

நாடியா பதினான்கு வயதில் ஒலிம்பிக்கில் ஆட அப்போது விதி இடம் கொடுத்தது. குறைந்தபட்ச வயது பிறகு பதினைந்தாகி, 1997 முதல் பதினாறு ஆனது.

அடுத்து 2000, சிட்னி. இது யார் செய்த தவறு என்ற கேள்வியை எழுப்பிய நிகழ்ச்சி. பெண்கள் ஒட்டுமொத்த இறுதிப் போட்டி நடந்துகொண்டிருக்கிறது. வால்ட் மேடையில் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக விழுகிறார்கள். ரஷ்யாவின் ஸ்வெட்லானா ஹோர்கினா, தங்கம் வாங்குவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர், அவரும் விழுந்தார். அந்தக் கலக்கத்தோடு பார்ஸுக்குப் போனார். பார்ஸ் அவருடைய சொந்த வீடு மாதிரி. அங்கேயும் விழுந்தார். அதன் பிறகு ஆஸ்திரேலியாவின் அலனா ஸ்லேட்டர் என்ற வீராங்கனை வால்ட் மேடையின் உயரம் சரியில்லை என்று சந்தேகப்பட்டுச் சொன்னார். அளந்து பார்த்தால் 5 செ.மீ. தாழ்வாக வைத்திருக்கிறார்கள். தாழ்வான மேடையில் தாண்டியவர்கள் விரும்பினால் மறுபடி தாண்டலாம் என்று அறிவித்தார்கள். ஹோர்கினாவுக்கு அதனால் பலன் இல்லை. வால்ட்டில் விழுந்ததை அழிக்கலாம். அந்த மனக் கலக்கத்தில் பார்ஸில் விழுந்ததை யார் அழிப்பது? பார்ஸ் உயரம் சரியாகத்தானே இருந்தது.

சில நாள் கழித்து நடந்த பார்ஸ் இறுதிப் போட்டியில் தங்கம் வாங்கியவர் அதே ஹோர்கினா. கோர்புட்டைப் போலவே அவருக்கும் நடுவில் சில இரவுகள் கிடைத்தன.

இப்போது 2004 ஏதென்ஸ். ஆண்கள் ஒட்டுமொத்தப் போட்டியில் அமெரிக்காவின் பால் ஹாம் வால்ட்டில் இறங்கும்போது தடுமாறி நடுவர் மேசைப் பக்கம் போய் விழுந்தார். 9.137. பன்னிரண்டாவது இடத்துக்குப் போனார். கதை முடிந்தது என்றார்கள். அடுத்து இணைக் கம்பியில் 9.837. கடைசியாக ஒற்றைக் கம்பியில் மறுபடியும் 9.837. முடிவில் 0.012 வித்தியாசத்தில் தங்கம்.

ஆனால் அதே போட்டியில் நடுவர்களும் ஒரு தவறு செய்திருந்தார்கள். தென் கொரியாவின் யாங் டே-யங் இணைக் கம்பியில் செய்ததன் கடினத்தைக் குறைத்துக் கணக்கிட்டு, 10.0இல் தொடங்க வேண்டியதை 9.9இல் தொடங்கிவிட்டார்கள். அந்த 0.1 கிடைத்திருந்தால் கூட்டல் கணக்குப்படி அவருக்குத் தங்கம். கிடைத்தது வெண்கலம். தவறு நடந்தது உண்மை என்று கூட்டமைப்பு ஒப்புக்கொண்டு மூன்று நடுவர்களை இடைநீக்கம் செய்தது. வழக்கு விளையாட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. முறையீடு உரிய நேரத்தில் வரவில்லை, களத்தில் நடந்த தீர்ப்பைப் பிறகு மாற்ற முடியாது என்று தள்ளுபடியானது. இதில் இன்னொரு வேடிக்கை. யாங் ஆடியதை வீடியோவில் திரும்பப் பார்த்தவர்கள், அனுமதித்ததைவிட ஒரு முறை அதிகமாக அவர் நிலைநிறுத்தினார், அதற்குக் கழிக்க வேண்டியதை நடுவர்கள் கழிக்கவில்லை என்று எடுத்துக்காட்டினார்கள். ஒரு தவறைத் திருத்தப் போனால் இன்னொன்றையும் திருத்த வேண்டி வரும்.

அதே ஏதென்ஸில் ஒற்றைக் கம்பி இறுதிப் போட்டியில் ரஷ்யாவின் அலெக்ஸி நேமோவுக்கு 9.725 கொடுத்தார்கள். அரங்கம் கத்திய கத்தலில் போட்டியே நின்றது. நடுவர்கள் அதை 9.762 ஆக உயர்த்தினார்கள். கத்தல் நிற்கவில்லை. கடைசியில் நேமோவே எழுந்து வந்து கையமர்த்தி, அடுத்த வீரர் ஆட வழி விடச் சொன்னார். கூட்டம் கத்தினால் மாறுகிற மதிப்பெண் முதலில் சரியா, பிறகு சரியா என்று எந்த ஆசிரியரும் கேட்பார்.

இந்தக் குழப்பங்களுக்குப் பிறகு 2006இல் பழைய 'பத்து' போனது. இப்போது சர்வதேசப் போட்டியில் இரண்டு மதிப்பெண். ஒன்று, செய்தது எவ்வளவு கடினம் என்பதற்கு. இதற்கு உச்சவரம்பு இல்லை. இன்னொன்று, எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்பதற்கு. இது 10இல் தொடங்கிக் கழியும். பல நடுவர்கள் தனித்தனியாகப் போடுவார்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்கிவிட்டு மீதிக்குச் சராசரி. நம் மதிப்பீட்டு முகாம்களில் ஒரு தாளை இத்தனை பேர் திருத்தினால் நன்றாகத்தான் இருக்கும்!

பெண்கள் போட்டியின் கழிவுக் கணக்கைக் கேளுங்கள். சின்னத் தவறு 0.1, நடுத்தரம் 0.3, பெரிய தவறு 0.5. விழுந்தால் 1.0. முன்பு விழுந்தால் 0.5தான். 2006இல் அது 0.8 ஆகி, 2009இல் 1.0 ஆனது. பார்ஸில் விழுந்தவர் மறுபடி ஏற 30 விநாடி தருகிறார்கள். கம்பியில் தலைகீழாக நிற்கும்போது செங்குத்திலிருந்து 10 பாகை வரை சாய்ந்தால் மன்னிப்பு. அதற்கு மேல் சாயச் சாயக் கழிவு கூடும். ஒன்றும் செய்யாமல் சும்மா ஒரு ஆட்டம் ஆடினால் 0.5.

இனிதான் பேத்தியின் கேள்விக்கான இடம். பெரியவர்கள் போட்டியில் ஒருவர் கம்பியை விட்டுப் பறந்து திரும்பப் பிடிக்கும்போது, தூரம் தப்பிக் கை மடங்கித் தொங்கிவிட்டார் என்று வையுங்கள். விழவில்லை. ஆனால் மடங்கிய கைக்கு 0.5 வரை போகலாம். வேகம் செத்துப் போனதால் வெற்று ஆட்டம் ஒன்று ஆட வேண்டும், அதற்கு 0.5. இரண்டும் சேர்ந்தால் 1.0. விழுந்தவருக்குப் போனதும் அதே 1.0. விழாமல் சமாளித்தவருக்கு என்ன லாபம்? கடினத்துக்கான மதிப்பு. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துவிட்டால் அந்தப் பறத்தலுக்கான மதிப்பு கிடைத்துவிடும். பிடிக்காமல் விழுந்தால் அது கிடையாது. மறுபடி ஏறி அதையே திரும்பச் செய்து அந்த மதிப்பைப் பெற முயல்பவர்களும் உண்டு.

உச்சவரம்பு போனதில் இன்னொரு மாற்றமும் வந்தது. மிகக் கடினமானதைச் செய்பவர் ஒரு முறை விழுந்தாலும் எழ முடிகிறது. 2012 லண்டனில் அமெரிக்காவின் மெக்கெய்லா மரோனி வால்ட்டில் உட்கார்ந்த நிலையில் விழுந்தும் வெள்ளி வாங்கினார்.

இதையெல்லாம் படித்து எனக்குப் புரிந்தது இதுதான். விதிப்புத்தகத்தில் சமாளித்ததற்கென்று ஒரு மதிப்பெண்கூட இல்லை. நாங்கள் கை தட்டினோமே, அதற்குப் பத்தில் ஒன்றுகூடக் கிடையாது. நடுவர் கண்ணுக்குத் தைரியம் தெரியாது. மடங்கிய முழங்கைதான் தெரியும். முதலில் எனக்கு இது கொடுமையாகப் பட்டது. போகப் போக வேறு விதமாகத் தோன்றியது. நடுவர்கள் பிள்ளைகள் ஆடும்போது தாளைப் பார்க்காமலே சுருக்கெழுத்து போன்ற குறியீடுகளால் ஒவ்வொரு அசைவையும் எழுதி, அதனதன் கீழே கழிவைக் குறித்துக்கொண்டே போகிறார்கள். மூன்றாவது அசைவில் விழுந்தவர் என்பதற்காக நான்காவது அசைவில் குறைக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. நான்காவதை நான்காவதாகத்தான் பார்க்க வேண்டும். ஒரு தவறுக்கு ஒரு தண்டனை. அந்தத் தண்டனைக்கு ஒரு எல்லை. சமாளித்ததற்குப் பரிசு இல்லை என்றாலும், சமாளிப்பவருக்கு மீதி மதிப்பெண் முழுசாகக் காத்திருக்கிறது. கருணை என்று தனியாக ஏதும் எழுதவில்லை. கணக்கிலேயே அது இருக்கிறது.

அமெரிக்கச் சிறுவர் போட்டியில் இன்றும் விழுந்தால் 0.5தான், பெரியவர்களுக்குப் போவதில் பாதி. இன்னும் பத்தில்தான் தொடங்குகிறார்கள். விழுந்த பிள்ளைக்குப் பொடி தடவிக்கொண்டு மூச்சு வாங்க நேரமும் கொடுக்கிறார்கள். விழாமல் தொங்கிய பிள்ளைக்கு அந்த நேரம் கிடைக்காது. அவள் அந்த நொடியிலேயே, கம்பியில் இருந்தபடியே, முடிந்ததை முடிந்ததாக விட்டுவிட வேண்டும். ஒன்பது வயதில் அது லேசா?

2019 ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியிலிருந்து நடுவர்களுக்குத் துணையாகக் கணினியும் வந்துவிட்டது. உடலின் கோணத்தை முப்பரிமாணத்தில் அளக்கும் கருவி. 2023 ஆன்ட்வெர்ப் போட்டியில் எல்லாக் கருவிகளுக்கும் அது விரிந்தது. பத்துப் பாகையா பதினொரு பாகையா என்று இனி சண்டை குறையலாம். தவறு செய்த பிள்ளை அடுத்த அசைவை எந்த மனத்தோடு செய்கிறது என்பது அந்தப் பிள்ளையின் கையிலும், கற்றுக்கொடுப்பவர் கையிலும்தான் இருக்கிறது.

இதை எழுதும்போது என் பழைய தப்பு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்.

தொண்ணூறுகளில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். 'அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத வேண்டும்' என்று நாம் எல்லோரும் சொல்வோமே, நானும் சொல்வேன், கொஞ்சம் கூடுதலாகவே. காலாண்டுத் தேர்வில் ஒரு பெண் ஒரு கணக்கை முதலில் தப்பாகப் போட்டு, பாதிப் பக்கத்தை அடித்துவிட்டு, கீழே முழுசாகச் சரியாகப் போட்டிருந்தாள். விடை சரி. படிகள் சரி. ஐந்துக்கு மூன்று போட்டேன். "டீச்சர், விடை சரிதானே?" என்று தாளைக் கொண்டுவந்து கேட்டாள். "அடித்தல் திருத்தலுக்கு யார் மதிப்பெண் போடுவா?" என்றேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அதன் பிறகு வந்த தேர்வுகளில் அவள் தாளில் அடித்தலே இருக்காது. நான் அதை என் வெற்றி என்று நினைத்தேன். தெரியாத கணக்கை அவள் தொடாமலே விட்டுவிடுகிறாள் என்பது அரையாண்டு முடிந்து தாள்களை அடுக்கிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது.

அந்த இரண்டு மதிப்பெண்ணை எந்த விடைக்குறிப்பும் கழிக்கச் சொல்லவில்லை. அவள் தவறைத் தானே கண்டுபிடித்துத் தானே சரிசெய்தாள். அதற்குக் கூடுதல் மதிப்பெண் வேண்டாம். முழு மதிப்பெண்ணாவது கொடுத்திருக்க வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸ் நடுவருக்கு இருந்த ஒழுங்குகூட எனக்கு இருக்கவில்லை. விதியில் இல்லாத தண்டனையை நானாகக் கொடுத்தேன். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குப் பிழை திருத்தச் சொல்லிக் கொடுத்தார்கள். பிழைக்குப் பிறகு பிள்ளை எப்படித் தொடர்கிறது என்று கவனிக்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது பணி ஓய்வுக்குப் பிறகு, கடல் தாண்டி, ஒரு கம்பிக்குக் கீழே உட்கார்ந்து.

இப்போதும் ஆசிரியராக இருக்கும் தம்பி தங்கைகள் இதைப் படித்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தவறுக்கு மதிப்பெண் குறையுங்கள். குறைக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு தவறுக்கு ஒரு முறை மட்டும் குறையுங்கள். முகத்தைச் சுளித்து, அடுத்த கேள்விக்கும் சேர்த்துக் குறைக்காதீர்கள்.

ஊருக்குத் திரும்பிய சில வாரத்தில் பேத்தியிடம் வீடியோவில் பேசினேன். நான் படித்ததில் கொஞ்சத்தை அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கோர்புட் அழுத கதை அவளுக்குப் பிடித்திருந்தது. "அடுத்த நாளே ஜெயிச்சாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "அந்தக் கிப்புக்கு உனக்குப் போனது 0.3தான் கண்ணு. அது போனது போகட்டும். அடுத்ததை முதல்ல இருந்து செய்" என்றேன்.

போன மாதம் இன்னொரு போட்டி. இரவு நமக்குப் பதினொரு மணி இருக்கும், அழைப்பு வந்தது. உயர்ந்த கம்பியில் இந்தத் தடவையும் முதல் முயற்சியில் கிப் வரவில்லையாம். ஒரு ஆட்டம் கூடுதலாக ஆடித்தான் ஏறினாளாம். எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே சொன்னாள்:

"ஆனா அதுக்கப்புறம் எல்லாமே நல்லா பண்ணேன் அம்மாச்சி. 9.150."

அந்தத் தாளை அடித்துத் திருத்தி எழுதிய மாணவிக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்கே இருக்கிறாளோ. இந்தப் பதிவு அவள் கண்ணில் பட்டால், அம்மா, உனக்கு அன்றைக்கு ஐந்துக்கு ஐந்து. தாமதமாகத்தான் போடுகிறேன்.